பழைய மொசைக்கை உடைக்காமல் மேலேயே டைல் ஒட்டுவது: மும்பை ஃபிளாட்டுக்கு ஒரு வழிகாட்டி

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடம் 1970களில் எழுந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஹால், இரண்டு அறை, சமையலறை எல்லாவற்றிலும் சில்லு பதித்த பழைய மொசைக் தரை. அதை மாற்றலாம் என்று பேச ஆரம்பித்ததும், வந்து பார்த்த மிஸ்திரி கேட்ட முதல் கேள்வி "ராபிட்டை யார் இறக்குவது?" என்பதுதான். உடைத்த சிமென்டு, கல், மண் எல்லாவற்றுக்கும் சேர்த்து மும்பையில் ராபிட் என்று பெயர்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி. மொசைக்கும் அதன் அடியில் இருக்கும் மணல் சிமென்டுப் படுக்கையும் சேர்ந்து மூன்று அங்குலம் இருந்தால், அந்த ஒரு அறையிலிருந்து மட்டும் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். இருபது கிலோ மூட்டையாகக் கட்டினாலும் எண்பது நடை இறங்க வேண்டும். அதோடு போகாது. சம்மட்டி அதிர்ச்சியில் கீழ்வீட்டு சீலிங் பூச்சு உதிரும். தரைக்குள் ஓடும் குழாயோ வயர் பைப்போ எங்காவது அடிபடும். பழைய தரையை அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயே டைல் ஒட்டுவது இதனால்தான் இங்கே இவ்வளவு நடக்கிறது. சரியாகச் செய்தால் நல்ல வேலைதான்.

சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் சமையலறையில் முதல் தடவை வேலை செய்த மிஸ்திரி, மொசைக்கைத் துடைத்துவிட்டு சிமென்டுப் பால் ஊற்றி, கலவை வைத்து, மேலே இரண்டடி வெட்ரிஃபைடு டைலை அழுத்தினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்பது மாதம் கழித்து, ஏப்ரல் மாதத்து மதியம் ஒன்றில் படார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நான்கு டைல் கூரை மாதிரி எழும்பி நிற்கிறது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அதன் முதுகு கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே சுத்தமாக இருந்தது. சிமென்டு ஒட்டிய தடமே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. வெட்ரிஃபைடு டைல் தண்ணீரே குடிக்காது. தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத டைலுக்குத்தான் அந்தப் பெயர். சாதா சிமென்டு நுண்துளைக்குள் ஊறிப் போய்த்தான் பிடிக்கும். ஊறுவதற்கு மேலேயும் துளை இல்லை. கீழே இருந்த மொசைக்கோ முப்பது நாற்பது வருஷ எண்ணெயும் மெழுகும் ஏறிப் பளபளத்துக் கிடந்தது. சுவர் ஓரத்தில் இடைவெளியும் விடவில்லை. வெயிலில் விரிந்த டைலுக்குப் போக இடமில்லாமல் மேலே எழும்பியது. மூன்று தப்பும் ஒரே தரையில். அதையெல்லாம் பெயர்த்துவிட்டு இரண்டாவது தடவை செய்தது ஆறு வருஷமாக அசையாமல் இருக்கிறது. அப்புறம் டோம்பிவலியில் சித்தப்பா வீட்டிலும், சயானில் தோழி வீட்டிலும் கூடவே நின்று செய்து பார்த்தேன். அங்கெல்லாம் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

டைல் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், பழைய தரையை நாலு நிமிஷம் குனிந்து பார்ப்பதில்லை. புது டைல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறதோ அது அந்தப் பழைய தரைதான். வேலையில் பாதிக்கு மேல் அதற்கே போகும், போகவும் வேண்டும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

அறையைக் காலி செய்துவிட்டு, சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒவ்வொரு கல்லையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். ஃபேன், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள், காதுதான் இங்கே கருவி. கெட்டியான கல் 'டக்' என்று அடங்கிய சத்தம் தரும். அடியில் பிடிப்பு விட்டிருந்தால் பானையைத் தட்டியது போல 'டொப்' என்று கேட்கும். அப்படிக் கேட்ட ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கவலையில்லை. அந்தக் கற்களை மட்டும் பெயர்த்து, குழியைக் கலவையால் அடைத்து, மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அறையில் நாலில் ஒரு பங்கு பெருக்கல் குறியாகத் தெரிந்தால், மேலே ஒட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். படுக்கையே செத்துவிட்டது என்று அர்த்தம், உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தட்டும்போதே விரிசலையும் பாருங்கள். ஒரு கல்லுக்குள் மட்டும் ஓடும் விரிசல் பெரிய விஷயமில்லை. பல கற்களைத் தாண்டி நேர்கோடாக ஓடுவது, கீழே சிலாப்போ பீமோ அசைகிறது என்பதற்கான அடையாளம். அதை மூடினால் புது டைலிலும் அதே கோடு ஒரு நாள் வரும். முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கட்டும்.

அடுத்தது மட்டம். ஆறடி அலுமினிய மட்டக்கோலைத் தரையில் படுக்கவைத்து எல்லாத் திசையிலும் நகர்த்துங்கள். அடியில் வெளிச்சம் தெரிகிற இடம் பள்ளம். இரண்டடிக்கு இரண்டடி டைல் போடுவதாக இருந்தால் மட்டக்கோலுக்கு அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இருந்தால் முன்கூட்டியே சரி செய்ய வேண்டும். பசையைத் தடிமனாகப் போட்டு ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று மிஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தடித்த பசை காயும்போது சுருங்கி டைலைக் கீழே இழுத்துவிடும்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. மூன்றடிச் சதுரத்தில் பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் உள்பக்கம் வியர்த்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த ஈரத்தைத் தடுக்காமல் டைல் ஒட்டினால், இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

எங்கே கூடவே கூடாது

மரக்கட்டைத் தளம் உள்ள பழைய சால்களில், அதாவது வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்புகளில், இந்த முறை வேண்டாம். தீவு நகரத்தில், அதாவது கொலாபாவிலிருந்து சயான், மாஹிம் வரைக்கும், 1969க்கு முன் கட்டிய, பழுதுபார்ப்பு வரி கட்டும் 'செஸ்' கட்டடங்களில் இப்படிப்பட்டவை இன்னும் இருக்கின்றன. மரம் வளையும், டைல் வளையாது.

ஏற்கெனவே ஒரு தடவை மொசைக்கின் மேல் டைல் ஒட்டியிருந்தால் மூன்றாவது அடுக்கு வேண்டாம். வாசல் படி ஓரத்திலோ, நஹானி என்று இங்கே சொல்லும் குளியலறைத் தண்ணீர் போகும் துளையின் ஜாலியைத் தூக்கிப் பார்த்தோ எத்தனை அடுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, மனசிலிருந்து சொல்கிறேன். மாட்டுங்கா, தாதர் பக்கத்துப் பழைய வீடுகளில் பூ வேலைப்பாடு கொண்ட சிமென்டு டைல் தரை இருக்கும். 1922இல் தொடங்கிய மும்பை நிறுவனம் பாரத் ஃப்ளோரிங்ஸ் போன்றவர்கள் கையால் அச்சில் போட்டுச் செய்த வகை அது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கெட்டியாக இருந்தால் மூடாதீர்கள். பாலிஷ் போடுங்கள். அதைவிட நல்ல தரை எந்தக் கடையிலும் கிடைக்காது.

எடையும் உயரமும்

9 மி.மீ. தடிமனுள்ள வெட்ரிஃபைடு டைல் சதுர மீட்டருக்குச் சுமார் 21 கிலோ. பசை ஏழெட்டுக் கிலோ. ஆக முப்பது கிலோவுக்குள். குடியிருப்பு அறைகளை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கும்படி கணக்கிட வேண்டும் என்பது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி. அதோடு ஒப்பிட்டால் நாம் ஏற்றுவது ஏழில் ஒரு பங்கு. இதே டைலை 40 மி.மீ. மணல் கலவைப் படுக்கையில் வைத்தால் படுக்கையே 80 கிலோ ஆகிவிடும். 'கலவை வைத்து ஒட்டலாம், செலவு குறையும்' என்ற யோசனைக்கு நான் தலையாட்டாததற்கு இதுவும் ஒரு காரணம். கட்டடத்தில் ஏற்கெனவே பீமில் கம்பி தெரிகிறது, சிலாப் பிளாஸ்டர் கொட்டுகிறது என்றால் முப்பது கிலோவைக்கூட இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம் என்பதால், உங்கள் சொஸைட்டி (கட்டடத்தின் வீட்டுவசதிச் சங்கம்) செக்ரட்டரியிடம் அந்த அறிக்கை இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

உயரம் 13 முதல் 15 மி.மீ. ஏறும். அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் வீட்டில் எல்லாக் கதவையும் அது தொடும். ஒவ்வொரு கதவுக்கும் கீழே டைல் துண்டு ஒன்றையும் பசைக்காக 5 மி.மீ. அட்டையையும் வைத்து, கதவு ஆடுகிறதா என்று பாருங்கள். மரக்கதவைக் கார்பென்டர் அடியில் அறுத்துவிடுவார். வெளியே இருக்கும் இரும்பு சேஃப்டி டோர் உள்பக்கம் திறந்தால் அதுதான் தலைவலி. வெல்டரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

சமையலறையில் மேடைக்கு அடியில் வாஷிங் மெஷினோ டிஷ்வாஷரோ இருந்தால் அதன் உயரத்தையும் மேடை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மெஷினை உள்ளே வைத்துவிட்டு அதற்கு முன்னால் மட்டும் டைல் ஒட்டினால், பழுது பார்க்க வெளியே இழுக்கவே முடியாது. சயானில் தோழி வீட்டில் இதை டைல் ஒட்டுவதற்கு முதல் நாள் ராத்திரிதான் கவனித்தோம். மெஷின் இருந்த இடத்துக்கும் சேர்த்து டைல் ஒட்டி, அதன் கால் திருகுகளை முழுக்க இறக்கித்தான் உள்ளே தள்ளினோம்.

சொஸைட்டியில் சொல்லிவிடுங்கள்

வேலைக்கு முன் சொஸைட்டிக்கு எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்குங்கள். என்ன வேலை, எத்தனை நாள், யார் யார் வருவார்கள், ராபிட் எங்கே போகும் என்று எழுதினால் போதும். சத்தம் போடும் வேலைக்கு ஒவ்வொரு சொஸைட்டியும் தனி நேரம் வைத்திருக்கும். நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு மிஸ்திரியிடம் நேரம் பேசுங்கள். உடைக்காத வேலையிலும் பத்துப் பதினைந்து மூட்டை கழிவு சேரும். மாநகராட்சியின் டெப்ரிஸ் ஆன் கால் சேவை இருக்கிறது, வார்டு ஆபீஸில் கேட்கலாம். கீழ்வீட்டு மாமியிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். பின்னால் குளியலறைச் சோதனைக்கு அவர் தயவு வேண்டும்.

என்ன வாங்குவது

டைல் பெட்டியில் அளவு மட்டுமல்ல, ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சாகியிருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று டெம்போவிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். நம் நாட்டு டைலில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. அடுத்த சூளையில் அதே டிசைன் ஒரு சாயல் மாறித்தான் வரும், ஆகவே குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நம் 120 சதுர அடி அறைக்குப் பத்து சதவீதம் சேர்த்து 132. இரண்டடி டைல் நான்கு உள்ள பெட்டி சுமார் 15.5 சதுர அடி வரும். ஆகவே ஒன்பது பெட்டி.

பளபளப்பு வேண்டுமா, மேட் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மேட்தான், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. சமையலறை, குளியலறைக்கு ஆர்10 அல்லது ஆர்11 என்று வழுக்காமைக் குறியீடு உள்ளதாகக் கேளுங்கள். பூஜை இடத்தில் மாக்கோலம் போடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பளபளப்பான டைலில் அரிசிமாவு பிடிக்காது, காய்ந்ததும் செதில் செதிலாக வந்துவிடும். அந்த ஓர் இடத்துக்காவது சொரசொரப்பான டைல் போட்டுக்கொள்ளுங்கள்.

பசைதான், அதாவது அட்ஹெசிவ்தான், இந்த வேலையின் உயிர். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற எண்ணும் அதன் கீழே டைப் எண்ணும் இருக்கும். பழைய டைல் அல்லது மொசைக் மேல் ஒட்ட நான் டைப் 3க்குக் கீழே இறங்கமாட்டேன். 'டைல் மேல் டைல் ஒட்ட உகந்தது' என்று மூட்டையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பியக் குறியீடு அச்சிட்டிருந்தால் சி2டிஇ (C2TE) என்று தேடுங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். மும்பை மழைக்காலத்துக் காற்றில் பழைய மூட்டை உள்ளேயே கட்டி தட்டிப்போகும். இருபது கிலோ மூட்டை 50 சதுர அடி வரும் என்று கடைக்காரர் சொல்வார். அது மெல்லிசாகத் தடவினால் வரும் கணக்கு. இரண்டடி டைலுக்குப் பத்து மி.மீ. பல் கரணையால் (ஓரத்தில் பல் வெட்டிய கரணை) இழுத்தால் 30 முதல் 35 சதுர அடிதான் வரும். அறைக்கு நான்கு மூட்டை எடுத்துவையுங்கள்.

இதோடு டைல்களுக்கு நடுவே இடைவெளி விட 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர், மட்டம் பிடிக்கும் கிளிப்பும் ஆப்பும், பல் கரணை, ரப்பர் சுத்தியல், ரசமட்டம், டிரில்லில் மாட்டும் கலக்கி. இதில் ஒன்றும் பெரிய விலை இல்லை. மிஸ்திரியிடம் பல் கரணை இல்லை என்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

பழைய தரையைத் தயார் செய்வது

மொசைக்கின் மேல் நாலைந்து இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் எண்ணெயோ மெழுகோ உட்கார்ந்திருக்கிறது. சமையலறையில் அடுப்பு மேடைக்கு முன்னாலும், ஹாலில் சோபாவுக்கு அடியிலும் நிச்சயம் நிற்கும். வாஷிங் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, விறைப்பான பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி எடுங்கள். ஆசிட் ஊற்றிவிட்டால் சொரசொரப்பாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். மொசைக்கில் இருப்பது சிமென்டும் சலவைக்கல் சில்லும். இரண்டையும் ஆசிட் தின்றுவிட்டு மேலே ஒரு மாவுப் படலத்தை விட்டுப் போகும். பசை அந்த மாவைத்தான் பிடிக்கும்.

பிறகு முகத்தை முரடாக்க வேண்டும். மிஸ்திரிகள் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவார்கள், 'டாச்சா' என்று சொல்வார்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு அது மேல்தான். ஆனால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து என்று போனால் நடுவில் பளபளப்பு அப்படியே இருக்கும், ஓங்கி அடித்தால் கெட்டியான கல்லும் பிடிப்பு விட்டுவிடும். கிரைண்டரில் வைரக் கப் சக்கரம் மாட்டி முழுத் தரையையும் ஒரு சீராகத் தேய்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. தேய்த்து முடித்தால் தரை முழுக்க மங்கலாக, உள்ளங்கைக்கு மணல்தாள் மாதிரி இருக்க வேண்டும். அப்புறம் அதே சொட்டுத் தண்ணீரை வைத்துப் பாருங்கள், பரவும்.

இந்தத் தூசியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. வாக்குவம் பொருத்திய கிரைண்டர் கிடைத்தால் வாடகைக்கு எடுங்கள். இல்லையென்றால் கதவிடுக்கில் ஈரத்துணி செருகி, ஜன்னலைத் திறந்து வைத்து, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். வேலை செய்பவர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தால், உங்கள் செலவில் மாஸ்க் வாங்கிக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அடியில் இருப்பது மொசைக் இல்லை, பளபளப்பான செராமிக் அல்லது வெட்ரிஃபைடு என்றால், தேய்ப்பதோடு டைல் மேல் டைலுக்கான பிரைமரையும் அடிக்க வேண்டும். மணல் கலந்தது போன்ற பிரைமர் அது, ரோலரால் ஒரு பூச்சு போதும். எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைக் காத்துவிட்டு ஒட்டுங்கள்.

பெயர்த்த கல்லின் குழியையும் பள்ளத்தையும் அடைத்து, மேட்டைத் தேய்த்து, மறுபடி மட்டக்கோல் வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைசியாகப் பெருக்கி, ஈரத்துணியால் ஒரு துடைப்பு. கையை வைத்துத் தேய்த்தால் வெள்ளை ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னொரு தடவை துடையுங்கள்.

நூல் அடிப்பது

ஒட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் டைலைப் பசையில்லாமல் தரையில் அடுக்கிப் பாருங்கள். வாசலில் நின்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படும் வரிசை முழு டைலாக வர வேண்டும். துண்டு சோபாவுக்கு அடியிலோ அலமாரிக்குக் கீழேயோ போகட்டும். எந்த ஓரத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சீவல் துண்டு வந்தால், மொத்த வரிசையையும் பாதி டைல் நகர்த்துங்கள்.

பழைய ஃபிளாட்டில் சுவர் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். நடுவில் ஒரு நூல் அடித்து, அதற்குக் குறுக்கே இன்னொன்று. மூலை சரியா என்று பார்க்க ஒரு நூலில் மூன்றடி, மற்றதில் நான்கடி குறித்து, இரண்டுக்கும் நடுவே அளந்தால் சரியாக ஐந்தடி வர வேண்டும். இரண்டடிக்கு நாலடி டைலைச் செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் போட ஆசைப்படாதீர்கள். நீளமான டைல் நடுவில் லேசாக வளைந்திருக்கும், பாதியில் சேர்த்தால் விளிம்பு தூக்கிக்கொண்டு கால் தடுக்கும். மூன்றில் ஒரு பங்கு தள்ளல் போதும்.

ஒட்டும் நாள்

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். இருபது கிலோவுக்குச் சுமார் ஐந்து லிட்டர் போகும், மூட்டையில் போட்டிருக்கும் அளவுதான் சரி. கட்டியில்லாமல் கலக்கி ஐந்து நிமிஷம் அப்படியே விட்டு, மறுபடி ஒரு தடவை கலக்குங்கள். கரணையில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். நேரம் போகப் போக வாளியில் இறுகும். அப்போது தண்ணீர் விட்டு இளக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இறுகிய பசை குப்பைக்குத்தான். இதைத் தடுக்கவே பாதி மூட்டையாகக் கலப்பது நல்லது.

டைலின் முதுகில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், சூளையில் ஒட்டாமல் இருக்கத் தூவியது. ஒவ்வொரு டைலையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். இதை யாருமே செய்வதில்லை. பத்து வயசுப் பையன்கூடச் செய்துவிடலாம், எங்கள் வீட்டில் அவன்தான் செய்தான்.

கரணையின் நேரான பக்கத்தால் பசையைத் தரையில் அழுத்தித் தேய்த்து, பிறகு பல் பக்கத்தால் ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சு. நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை வைத்து அழுத்தும் பழக்கம் நிறைய மிஸ்திரிகளிடம் இருக்கிறது. வேகமாக முடியும், மட்டமும் எளிதில் வரும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே வெறும் காற்று. அதன் மேல் வெட் கிரைண்டரை வைத்தாலோ, வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்தாலோ, டைல் இரண்டாகும். முதல் டைலிலேயே உருண்டையைப் பார்த்தால் வேலையை நிறுத்திப் பேசுங்கள். அண்ணா, பாய் என்று மரியாதையாகவே சொல்லலாம், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைலை வைத்து, பல் கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் லேசாக ஆட்டி, ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கோடுகள் படுத்து ஒன்றோடொன்று சேரும், காற்று ஓரமாக வெளியேறும். நாலைந்து டைல் ஆனதும் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். முதுகில் ஐந்தில் நான்கு பங்காவது பசை பரவியிருக்க வேண்டும், மூலைகளில் கட்டாயம். குளியலறை என்றால் கிட்டத்தட்ட முழுவதும். குறைவாக இருந்தால் பெரிய பல் கரணைக்கு மாறுங்கள். தரையில் இழுத்த பசையை இருபது நிமிஷத்துக்குள் மூடிவிட வேண்டும். ஃபேன் ஓடினால் அதுவும் இல்லை. விரலால் தொட்டால் ஒட்டாமல் தோல் படிந்திருந்தால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

சுவர் ஓரம் முழுக்க 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விடுங்கள். எங்கள் சமையலறைக்கு முதல் தடவை இல்லாமல் போனது இதுதான். சுவர் அடியில் ஒட்டும் டைல் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங், வந்து மூடிவிடும், கண்ணுக்கே தெரியாது. அந்த இடைவெளிக்குள் பசையோ குப்பையோ விழுந்து அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்புகளுக்குள் பிதுங்கும் பசையையும் அன்றைக்கே சுரண்டி எடுத்துவிடுங்கள், மறுநாள் அது கல்.

குளியலறை

பழைய கட்டடங்களில் குளியலறைக்கு அடியில் செங்கல் துண்டு போட்ட 'கோபா' வாட்டர்ப்ரூஃபிங் இருக்கும். ஒழுகாமல் இருந்தால் அதைத் தொடாமல் மேலே டைல் ஒட்டுவது புத்திசாலித்தனம். ஒழுகினால் டைல் அதை நிறுத்தாது. ஆகவே முதலில் நஹானியை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டு, கீழ்வீட்டு மாமியின் சீலிங்கைப் போய்ப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வாட்டர்ப்ரூஃபிங் வேலை முதலில், டைல் பிறகு.

தண்ணீர் நஹானிக்கு ஓட மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். மிஸ்திரியிடம் 'டால்' என்று சொன்னால் புரியும். ஓரடி டைல் போட்டால் சரிவு எளிதாக வரும். ஜாலியைப் புது மட்டத்துக்கு உயர்த்த மறக்கக்கூடாது. அறைகளை விட்டுவிட்டுக் குளியலறையை மட்டும் உயர்த்துகிறீர்கள் என்றால், வாசல் படிக்கும் உள்தரைக்கும் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அளந்துகொள்ளுங்கள். அரை அங்குலம்தான் மிஞ்சும் என்றால் முதல் வாளித் தண்ணீரே படுக்கையறைக்கு வந்துவிடும்.

காத்திருப்பதும் கிரவுட்டும்

ஒட்டிய அறையில் 24 மணி நேரம் யாரும் கால் வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் இரண்டு நாள். அதன் பிறகு கிளிப்புகளை இணைப்பின் திசையிலேயே காலால் தட்டி உடைத்து எடுக்கலாம்; குறுக்காக உதைத்தால் டைல் விளிம்பு சில்லுப் போகும். பிறகு கிரவுட், அதாவது இணைப்புகளை அடைக்கும் கலவை. ஹாலுக்கும் அறைகளுக்கும் சிமென்டு கிரவுட் போதும். சமையலறைக்கும் குளியலறைக்கும் எபாக்சி என்ற பிசின் கிரவுட் போடுங்கள்; மஞ்சளும் எண்ணெயும் ஏறாது. எபாக்சி போடும்போது கூடவே ஒருவர் துடைத்துக்கொண்டே வர வேண்டும், டைல் முகத்தில் காய்ந்துவிட்டால் பிறகு போகவே போகாது.

பீரோ, கட்டில், ஃபிரிட்ஜை ஏழு நாள் கழித்து உள்ளே கொண்டுவாருங்கள். இழுக்காமல், அடியில் பழைய போர்வை போட்டு நகர்த்துங்கள். அதற்கு முன், மிஸ்திரிக்குக் கடைசிப் பணம் கொடுக்கும் நாளில், அதே சுத்தியல் கைப்பிடியை எடுத்துக்கொண்டு புதுத் தரை முழுவதையும் மூலை மூலையாகத் தட்டிப் பாருங்கள். பானைச் சத்தம் கேட்ட டைலை அன்றைக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் டைல்களைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்து, பெட்டியின் மேல் அறையின் பெயரையும் ஒட்டிய தேதியையும் எழுதிவிடுங்கள்.